முந்தியது எந்த ஹக்கு?

இன்று எவரைக் கண்டு பேசினாலும், பேச்சின் நடுவே ஒரு முறையாவது "நேரமே இல்லை" என்ற சொல் வந்து விழுகின்றது. கடைவீதியில் வியாபாரியும் இதையே சொல்கின்றார். அடுப்படியில் நிற்கும் தாய்மாரும் இதையே சொல்கின்றனர். வளைகுடா நாட்டில் பாடுபடும் இளைஞன், வீட்டாருடன் பேசக் கிடைக்கும் ஐந்து நிமிடத்திலும் இதையே சொல்கின்றான். இவர்கள் எல்லாரும் பொய் சொல்கின்றார்கள் என்று கூறுவதற்கில்லை. அவரவர் தலைமீது சுமை இருக்கத்தான் செய்கின்றது.

ஆனால் சற்று நின்று யோசித்தால், நம்மை வாட்டுவது நேரக் குறைவு மட்டுமன்று என்பது விளங்கும். ஒரே நேரத்தில் இருவர் நம்மை அழைக்கின்றனர். இருவருக்கும் நம்மீது உரிமை இருக்கின்றது. எவருக்கு முதலில் பதில் சொல்வது? இதுதான் நம் கஷ்டம். ஹலாலும் ஹராமும் எதிரே நின்றால் முஃமினுக்குக் குழப்பமில்லை. வட்டியா, வியாபாரமா என்றால் விடை தெரிந்ததே. ஆனால் நன்மையும் நன்மையும் எதிரெதிரே வந்து நின்றால்? பள்ளியில் லுஹருக்குப் பாங்கு ஒலிக்கின்றது. உள்ளறையில் வயோதிகத் தாய் தண்ணீர் கேட்கின்றார். குழந்தை காய்ச்சலில் முனகுகின்றது. வெளியூர் வாடிக்கையாளர் பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று கடை வாசலில் பரபரக்கின்றார். இந்த நான்கில் தீயது எது? ஒன்றுமில்லை. நான்கும் ஹக்குகளே. இங்கேதான் மனிதன் தடுமாறுகின்றான்.

இந்தத் தடுமாற்றத்துக்கு மார்க்கம் காட்டும் வழி என்ன என்பதைச் சிறிது ஆராய்வோம்.

ஸல்மான் (ரலி) கண்ட வீடு

ஹிஜ்ரத்துக்குப் பின் நாயகம் (ஸல்) அவர்கள் ஸஹாபாக்களை இருவர் இருவராகச் சகோதரர்கள் ஆக்கினார்கள். அவ்வாறு ஸல்மான் பார்ஸீ (ரலி) அவர்களும் அபுத்தர்தா (ரலி) அவர்களும் சகோதரர்கள் ஆயினர். ஒரு நாள் ஸல்மான் (ரலி) தம் சகோதரரின் வீட்டுக்குச் சென்றார்கள். அங்கே அபுத்தர்தாவின் மனைவியார் அலங்காரம் ஏதுமின்றி, பழைய உடையில் இருப்பதைக் கண்டு காரணம் கேட்டார்கள். தங்கள் சகோதரருக்கு இந்த உலகத்தில் எந்தத் தேவையும் இல்லை என்று அந்த அம்மையார் பதிலளித்தார்கள். ஒரே வாக்கியம். அதற்குள் எவ்வளவு வேதனை!

அபுத்தர்தா (ரலி) வந்து, விருந்தினருக்கு உணவு வைத்தார்கள். தாம் நோன்பு என்றார்கள். நீர் உண்ணாமல் நானும் உண்ணமாட்டேன் என்று ஸல்மான் (ரலி) மறுத்துவிட்டார்கள். அபுத்தர்தா (ரலி) நபில் நோன்பை விட்டு உண்டார்கள். இரவு வந்தது. அவர்கள் தொழ எழுந்தார்கள்; தூங்கும் என்றார்கள் ஸல்மான் (ரலி). சற்று நேரங்கழித்து மீண்டும் எழுந்தார்கள். மீண்டும் படுக்க வைத்தார்கள். இரவின் கடைசிப் பகுதி வந்ததும், இப்போது எழும் என்று தாமே எழுப்ப, இருவரும் சேர்ந்து தொழுதார்கள். பிறகு ஸல்மான் (ரலி) ஒன்றைச் சொன்னார்கள்: இறைவனுக்கு உம்மீது உரிமை உண்டு, உம் உடலுக்கும் உம் குடும்பத்துக்கும் உரிமை உண்டு, உரியவருக்கு உரியதைக் கொடும் என்பது அதன் கருத்து. இச்செய்தி நாயகம் (ஸல்) அவர்களின் திருச்சமுகத்துக்கு எட்டியபோது, ஸல்மான் கூறியது உண்மையே என்று உறுதி செய்தார்கள். இது ஸஹீஹ் புகாரியில் வரும் செய்தியாகும்.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். அபுத்தர்தா (ரலி) வீண் பொழுது போக்கவில்லை. பணத்தின் பின்னால் ஓடவுமில்லை. இபாதத்தில்தான் இருந்தார்கள். அப்படியிருந்தும் அவ்வீட்டில் ஓர் உரிமை நசுங்கிக் கிடந்தது. இது ஒன்று. ஸல்மான் (ரலி) அவர்களோ தஹஜ்ஜுதை விடும்படிச் சொல்லவில்லை. உணவுக்கு உணவின் நேரம், உறக்கத்துக்கு உறக்கத்தின் நேரம், தொழுகைக்குத் தொழுகையின் நேரம் என்று ஒழுங்கு செய்தார்கள். எதையும் தூக்கி எறியாமல், ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் வைத்தார்கள். இது மற்றொன்று.

வரிசை தவறிய நன்மை

ஹிஜ்ரி 505ல் (கி.பி. 1111) வபாத்தான இமாம் கஸாலி (ரஹ்) அவர்கள், தம் இஹ்யா உலூமித்தீன் நூலில், ஏமாந்து போனவர்களைப் பற்றி ஒரு தனிப் பகுதியே எழுதியுள்ளார்கள். தீமை செய்து ஏமாந்தவர்களை மட்டும் அங்கே குறிப்பிடவில்லை. நன்மைகளுக்கிடையே உள்ள வரிசையைத் தவறவிட்டு ஏமாந்தவர்களையும் குறிப்பிடுகின்றார்கள். நன்மைகளின் வரிசையைக் கலைப்பதும் தீமையின் ஒரு வகையே என்பது அவர்களுடைய தீர்ப்பு. பெற்றோரைப் பராமரிக்கவும் ஹஜ்ஜுக்குச் செல்லவும் சேர்த்துப் பொருள் போதாத ஒருவர், பெற்றோரை விட்டுவிட்டு ஹஜ்ஜுக்குப் புறப்பட்டால் அவர் ஏமாந்தவர் என்கின்றார்கள். உடையில் நஜீஸ் பட்டுவிட்டது என்பதற்காகப் பெற்றோர்மீதும் வீட்டார்மீதும் சீறி விழுபவரையும் இந்தப் பட்டியலில் சேர்க்கின்றார்கள். நஜீஸைத் தவிர்க்க வேண்டியதுதான். ஆனால் அவர்கள் மனத்தைப் புண்படுத்தாமலிருப்பது அதைவிட முக்கியமானது.

அப்படியானால் வரிசையை எப்படி அறிவது? நம் பிக்ஹு நூல்களில் அதற்கான தராசுகள் இருக்கின்றன. மத்ரஸாவில் மாணவர்கள் மனப்பாடம் செய்யும் இந்தச் சட்டங்கள் அடுப்படிக்கும் கடைக்கும் பயன்படக்கூடியவை என்பதை நாம் மறந்துவிட்டோம்.

முதல் தராசு: குறுகிய நேரமும் விரிந்த நேரமும். ஒரு கடமைக்கு விரிந்த நேரம் இருந்து, மற்றொன்று இந்த நிமிடமே செய்தாக வேண்டியதாயிருந்தால், குறுகிய நேரமுடையதே முந்தும். ஹிஜ்ரி 660ல் (கி.பி. 1262) வபாத்தான இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (ரஹ்) அவர்கள் தண்ணீரில் மூழ்குபவரை உதாரணம் காட்டுகின்றார்கள். தொழுகையும் அவரைக் காப்பாற்றுவதும் ஒரே நேரத்தில் வந்தால் காப்பாற்றுவதே முதலில். ஏனெனில் தொழுகையைப் பிறகு கழாச் செய்து இரண்டு நன்மைகளையும் அடைந்துவிடலாம். மூழ்கிப்போன உயிரை எப்படிக் கழாச் செய்வது?

இரண்டாவது தராசு: என் ஒருவன்மீது மட்டுமே உள்ள கடமையும், பலர்மீது பொதுவாக உள்ள கடமையும். முன்னதை பர்ளு ஐன் என்றும் பின்னதை பர்ளு கிபாயா என்றும் சொல்கின்றோம். மஹல்லாவின் காரியங்களைக் கவனிக்கப் பத்துப் பேர் இருக்கின்றனர்; என் பிள்ளைக்குத் தந்தையாக நான் ஒருவனே இருக்கின்றேன். ஊரில் எந்தப் பஞ்சாயத்தானாலும் முன்வரிசையில் நிற்கும் சிலருடைய பிள்ளைகளுக்கு அல்ஹம்து சூரா திருத்தமாக ஓத வராது. பொதுச் சேவை வேண்டாம் என்று எவர் சொல்வார்? என் இடத்தில் வேறொருவர் நிற்க முடியாத கடமை எதுவோ அதை முடித்துவிட்டுப் பொதுக் காரியத்துக்குச் செல்ல வேண்டும்.

மூன்றாவது தராசு: பர்ளும் நபிலும். நபிலுக்காக பர்ளை இழப்பது, லாபத்துக்காக முதலை இழப்பதாகும். இதில் அடியார்களின் ஹக்கு மிகவும் அஞ்சத்தக்கது. அல்லாஹ் தன் உரிமையை மன்னித்துவிடலாம். அடியானின் உரிமையோ அவனைத் திருப்திப்படுத்தும்வரை நம் கழுத்தில் தொங்கும். கூலி பெற்று வேலை செய்பவருக்கு பர்ளுத் தொழுகையை நிறைவேற்றும் உரிமை உண்டு. முதலாளி அதைத் தடுக்கக்கூடாது. ஆனால் வேலை நேரத்தில், முதலாளியின் அனுமதியின்றி, நீண்ட நேரம் நபிலிலும் ஓதுவதிலும் கழிப்பது பிறருடைய அமானிதத்தில் கைவைப்பதாகும். கடன் கொடுத்தவர் வாசலில் நிற்க, இரண்டாவது மூன்றாவது உம்ராவுக்கு டிக்கெட் எடுப்பவரும் இந்தத் தராசில் தம்மை நிறுத்திப் பார்க்கட்டும்.

இனி, தொடக்கத்தில் சொன்ன நான்கு அழைப்புகளையும் நிறுத்துப் பார்ப்போம். தாய்க்குத் தண்ணீர் கொடுக்க அரை நிமிடம் போதும்; அதைத் தாமதிக்க எந்த நியாயமும் இல்லை. குழந்தையின் காய்ச்சல் கடுமையாயிருந்து, பார்க்க வேறு ஆள் இல்லையென்றால், நோயாளியைக் கவனிப்பதற்காக ஜமாஅத்தை விடுவதை ஷரீஅத் தங்கடமாக ஏற்றுக்கொள்கின்றது. லுஹருடைய வக்து அஸர்வரை விரிந்திருக்கின்றது. வக்துக்குள் தொழுதுவிட வேண்டியது கட்டாயம். பஸ்ஸுக்கு நிற்பவருக்குச் சரக்கைக் கட்டிக் கொடுத்துவிட்டும் ஜமாஅத்தை அடையலாம். ஆனால் ஜும்ஆவின் பாங்கு ஒலித்துவிட்டால் அங்கே வியாபாரத்துக்கு இடமில்லை. திருமறையே அதை விட்டுவிடும்படிக் கட்டளையிட்டிருக்கின்றது. பார்த்தீர்களா? கலங்கிய மனத்துக்கு மலையாகத் தெரிந்தது, வரிசைப்படுத்திய உடனே படிக்கட்டாகிவிட்டது.

பாடுபட்டு உழைப்பவர்களுக்கு மற்றோர் ஆறுதலும் உண்டு. இமாம் கஸாலி (ரஹ்) அவர்கள் மனிதர்களை அவரவர் நிலைக்கேற்ப வகுத்து, ஒவ்வொருவருக்கும் உரிய விர்துகளைச் சொல்லும்போது, குடும்பத்துக்காகச் சம்பாதிக்க வேண்டியவர், குடும்பத்தைப் பாழாக்கிவிட்டு நாள் முழுதும் இபாதத்தில் கழிக்கக்கூடாது என்கின்றார்கள். தொழில் நேரத்தில் கடையில் இருப்பதே அவருடைய விர்து. நாவும் உள்ளமும் அல்லாஹ்வை மறவாதிருக்க வேண்டும். தராசைப் பிடித்துக்கொண்டே தஸ்பீஹ் சொல்ல முடியும். தஸ்பீஹ் சொல்லும் வாய், தராசைச் சரியாகப் பிடிக்கும்படிக் கைக்கும் சொல்லிக் கொடுக்கும்.

நப்ஸ் விரும்பும் நன்மை

தராசுகள் இருந்தும் நாம் ஏன் தவறுகின்றோம்? நிறுப்பது நப்ஸாக இருப்பதால்தான். நப்ஸ் எப்போதும் தீமையையே நாடும் என்று எண்ண வேண்டாம். அது நன்மையையும் நாடும். ஆனால் தனக்குப் பிடித்த நன்மையை நாடும்.

ஹிஜ்ரி 227ல் வபாத்தான பிஷ்ருல் ஹாபி (ரஹ்) அவர்களிடம் ஒருவர் நபிலான ஹஜ்ஜுக்குப் புறப்படுவதாகச் சொல்லி விடைபெற வந்தார். செலவுக்கு எவ்வளவு வைத்திருக்கின்றீர் என்று கேட்டார்கள். இரண்டாயிரம் திர்ஹம் என்றார். அல்லாஹ்வின் பொருத்தம்தான் நோக்கம் என்றால், வீட்டிலிருந்தபடியே அதை அடையும் வழி சொன்னால் செய்வீரா என்று கேட்க, செய்வேன் என்றார். அப்பணத்தைக் கடனாளி, ஏழை, குடும்பச் சுமையுள்ளவர், அனாதையை வளர்ப்பவர் என்று பத்துப் பேருக்குக் கொடுத்துவிடும்படி ஆலோசனை சொன்னார்கள். வந்தவர் யோசித்துவிட்டு, பயணத்தில்தான் என் மனம் நிற்கின்றது என்று உண்மையைச் சொல்லிவிட்டார். இஹ்யாவில் வரும் இந்த நிகழ்ச்சி நம் ஒவ்வொருவருக்கும் கண்ணாடியாகும். பயணத்தில் ஊர் பார்க்கலாம். வழியனுப்பக் கூட்டம் வரும். திரும்பி வந்தால் மரியாதை உண்டு. கடனாளியின் கடனை அடைத்தால் எவர் வந்து வழியனுப்புவார்?

ஹிஜ்ரி 709ல் வபாத்தான இப்னு அதாஇல்லாஹ் (ரஹ்) அவர்கள் இதற்கு ஓர் உரைகல்லைத் தந்திருக்கின்றார்கள். இரண்டு காரியங்களில் எது சரி என்று விளங்காதபோது, நப்ஸுக்கு எது பாரமாகத் தோன்றுகின்றதோ அதைப் பின்பற்று என்பதே அதன் சாரம். இங்கே ஒரு கேள்வி எழலாம். அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்கள் நாள்தோறும் நோன்பு நோற்று, இரவெல்லாம் நின்று வணங்கினார்கள். அது மிகப் பாரமான காரியமல்லவா? அப்படியிருக்க நாயகம் (ஸல்) அவர்கள் ஏன் அதைக் குறைக்கச் சொன்னார்கள்? உடலுக்குப் பாரமானது வேறு, நப்ஸுக்குப் பாரமானது வேறு என்பதே இதற்கு விடையாகத் தோன்றுகின்றது. அந்த ஆர்வமிக்க இளைஞருக்கு வணங்குவது இனித்தது, குறைத்துக்கொள்வதுதான் கசந்தது. அவர்களே முதுமையில், நாயகம் (ஸல்) அவர்கள் அளித்த சலுகையை ஏற்றிருக்கலாமே என்று ஏங்கினார்கள்.

ஆகவே நம் மனம் எந்த நன்மையை நோக்கித் துள்ளி ஓடுகின்றதோ, அங்கே சற்று நிற்க வேண்டும். இதைவிட முந்திய ஹக்கு எதையேனும் தாண்டிக்கொண்டு ஓடுகின்றேனா என்று திரும்பிப் பார்க்க வேண்டும்.

பத்ருக்குப் போகாத பத்ரு வீரர்

சில காலத்துக்கு முன் ஒரு சகோதரி தம் தம்பி மூலமாக என்னிடம் கேட்டனுப்பியிருந்தார். அவருடைய மாமியார் பக்கவாதத்தால் படுக்கையில் இருக்கின்றார். "ரமளானில் தெருப் பெண்களெல்லாம் தராவீஹுக்குப் போகின்றார்கள், குர்ஆனைக் கத்தம் செய்கின்றார்கள். எனக்கோ கஞ்சி காய்ச்சி, மாமிக்குத் துணி மாற்றி, பிள்ளைகளைத் தூங்க வைத்து நிமிர்ந்தால் ஸஹரு வேளை வந்துவிடுகின்றது. என் ரமளான் வீணாகிவிட்டதா என்று ஹஜ்ரத்திடம் கேட்டு வா" என்பது அவர் சொல்லியனுப்பிய செய்தி.

ஹிஜ்ரி 2ஆம் ஆண்டு (கி.பி. 624) ரமளான் மாதத்தில்தான் பத்ருப் போர் நடந்தது. அதில் கலந்துகொண்ட ஸஹாபாக்களின் அந்தஸ்தைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் உஸ்மான் (ரலி) அவர்கள் அன்று களத்தில் இல்லை. நாயகம் (ஸல்) அவர்களின் திருமகளாரான ருகையா (ரலி) அவர்கள் நோயுற்றிருந்ததால், மனைவியைக் கவனித்துக்கொள்ள மதீனாவிலேயே தங்கும்படி நாயகம் (ஸல்) அவர்களே உத்தரவிட்டார்கள். வெற்றிச் செய்தி மதீனாவை எட்டிய வேளையில் ருகையா (ரலி) அவர்களை நல்லடக்கம் செய்துகொண்டிருந்ததாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். பத்ரில் கலந்தவர்களுக்குரிய கூலியும், கனீமத்துப் பொருளில் பங்கும் உஸ்மானுக்கு உண்டு என்று நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். நோயாளியின் படுக்கையருகே நின்றவரும் பத்ரு வீரராகக் கணக்கிடப்பட்டார்!

அந்தச் சகோதரிக்கு நான் சொல்லியனுப்பிய பதில் இதுதான்: உங்கள் ரமளான் வீணாகவில்லை. உங்கள் நோன்பும் பர்ளுத் தொழுகைகளும் நிறைவேறுகின்றன. மற்றவர்கள் குர்ஆனைப் புரட்டும் நேரத்தில், நீங்கள் குர்ஆன் ஏவுகின்ற இரக்கத்தைச் செய்துகொண்டிருக்கின்றீர்கள். நிய்யத்தை மட்டும் அல்லாஹ்வுக்காக ஆக்கிக்கொள்ளுங்கள்.

ஆனால் பதில் இத்துடன் முடியவில்லை. ஆண்களும் கேட்டுக்கொள்ள வேண்டிய பகுதி இனிமேல்தான் இருக்கின்றது. தாய்க்குப் பணிவிடை செய்வது மகன்மீதுள்ள கடமை. மருமகள்மீது ஷரீஅத் அதைக் கடமையாக்கவில்லை. அவள் செய்வது இஹ்ஸான், மேலான உபகாரம். நாம் என்ன செய்கின்றோம்? நம்முடைய கடமையை மனைவியின் தலையில் இறக்கிவிட்டு, லேசான தலையுடன் முதல் ஸப்பில் போய் நிற்கின்றோம். திரும்பி வந்து, "நீ ஏன் இன்னும் ஓதவில்லை?" என்று அவளையே கேட்கின்றோம். பத்ருக் காலத்தில் மனைவியின் படுக்கையருகே நின்றவர், பிற்காலத்தில் இந்த உம்மத்தின் மூன்றாவது கலீபாவான ஓர் ஆண் என்பதை மறந்துவிடலாகாது.

வெளிநாட்டில் இருக்கும் கணவர், தாயின் பக்கத்தில் வந்து நிற்க முடியாது, உண்மைதான். ஆனால் உதவிக்கு ஓர் ஆளை வைக்கப் பணம் அனுப்ப முடியும். உள்ளூரில் இருக்கும் அண்ணன் தம்பி, அக்கா தங்கையரை முறை வைத்துக் கவனிக்கச் சொல்ல முடியும். தொலைபேசியில் கணக்குக் கேட்பதற்கு முன், "உனக்கு அல்லாஹ் நற்கூலி தருவானாக" என்று மனைவிக்கு ஒரு துஆச் செய்ய முடியும். அதற்குச் செலவு ஒன்றுமில்லையே!

முறை வைத்துக்கொள்வது நமக்குப் புதிதுமன்று. உமர் (ரலி) அவர்கள் மதீனாவின் மேட்டுப் பகுதியில் வசித்தபோது, அன்ஸாரியான தம் அண்டை வீட்டாருடன் ஓர் ஏற்பாடு செய்திருந்தார்கள். ஒரு நாள் ஒருவர் நாயகத்தின் சபைக்குச் செல்வார். மறுநாள் மற்றவர் செல்வார். சென்றவர் அன்றைய செய்திகளை மற்றவருக்கு வந்து சொல்வார். பிழைப்பும் கெடவில்லை, இல்மும் தவறவில்லை. இதேபோல் ஒரு வீட்டில் இரண்டு மருமக்கள் இருந்தால், இன்று ஒருவர் தராவீஹுக்குச் செல்லட்டும். நாளை மற்றவர் செல்லட்டும். ஏன், ஒரு நாள் கணவர் வீட்டிலேயே தராவீஹ் தொழுதுகொண்டு தாயைக் கவனிக்கட்டும். மனைவி அமைதியாக ஓதட்டும். நாயகம் (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்களிடம் கேட்கப்பட்டபோது, குடும்பத்தாரின் வேலைகளில் உதவியாக இருப்பார்கள், தொழுகை நேரம் வந்தால் தொழச் செல்வார்கள் என்றுதானே பதிலளித்தார்கள்!

ஒரு வேளை இப்படி, ஒரு வேளை அப்படி

இவ்வளவு சொன்ன பிறகும், எல்லா ஹக்குகளையும் எல்லா நாளும் குறைவின்றி நிறைவேற்ற நம்மால் முடிந்துவிடாது. மனிதன் பலவீனமாகவே படைக்கப்பட்டிருக்கின்றான். ஹன்ளலா (ரலி) அவர்கள் ஒரு நாள், தாம் முனாபிக் ஆகிவிட்டதாகவே அஞ்சிப் பதறினார்கள். நாயகத்தின் சபையில் இருக்கும்போது சுவர்க்கமும் நரகமும் கண்முன் தெரிகின்றன. வீட்டுக்குப் போய் மனைவி மக்களுடன் கலந்துவிட்டாலோ பெரும்பகுதி மறந்துபோகின்றதே என்பது அவர்களுடைய கவலை. அபூபக்கர் (ரலி) அவர்களும் தமக்கும் அப்படித்தான் என்றார்கள். இருவரும் நாயகம் (ஸல்) அவர்களிடம் சென்று முறையிட்டபோது, ஒரு வேளை இப்படியும் ஒரு வேளை அப்படியும் இருக்கத்தான் செய்யும் என்ற கருத்தில் ஆறுதல் சொல்லி அனுப்பினார்கள். மனைவி மக்களுடன் இருக்கும் வேளையை அவர்கள் நயவஞ்சகம் என்று சொல்லவில்லை.

எனவே, சகோதர சகோதரிகளே! படுக்கைக்குச் செல்லுமுன் "இன்று எத்தனை வேலை முடித்தேன்?" என்று கணக்குப் பார்ப்பதோடு நிற்க வேண்டாம். "இன்று எவருடைய ஹக்கைத் தாண்டிச் சென்றேன்?" என்றும் ஒரு முறை கேட்டுப் பாருங்கள். அது அல்லாஹ்வின் ஹக்கானால் அப்போதே தவ்பாச் செய்து, தவறிய பர்ளைக் கழாச் செய்யுங்கள். அடியானின் ஹக்கானால் விடிந்ததும் அவரிடம் செல்லுங்கள். அந்த அடியான் வெளியே எங்கோ இருப்பவராகத்தான் இருக்க வேண்டுமென்பதில்லை. அடுத்த அறையில் இருமிக்கொண்டிருக்கும் அத்தாவாக இருக்கலாம். விளக்கணைத்த பிறகும் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும் மனைவியாக இருக்கலாம்.

வல்ல நாயன் நம் நேரங்களில் பரக்கத்தையும், நம் காரியங்களில் ஒழுங்கையும் தந்து, உரியவருக்கு உரியதைக் கொடுத்துவிட்ட நிலையில் அவனைச் சந்திக்கும் பாக்கியத்தை நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.